பழைய வைரமும் என் வாயும்

வைரம் வாங்கப் போகும்போது சொந்தபந்தம் ஒரு வேன் நிறைய வரும். விற்கப் போகும்போது கட்டின புருஷன்கூட வண்டியை முக்குக் கடையில் நிறுத்திவிட்டு, டீ குடிக்கிற சாக்கில் அங்கேயே நின்றுகொள்வார். அந்த முக்குக் கடைக்கு எதிர் மாடியில்தான் என் மேசை இருக்கிறது. மிச்சப் பனியன் சரக்கை மொத்தமாக விற்கிற காதர்பேட்டையிலிருந்து நடந்தே வந்துவிடலாம்.

நான் வைரம் வாங்குவதும் இல்லை, விற்பதும் இல்லை. பார்ப்பேன், எடை போடுவேன், இன்ன தரம், இன்ன குறை, விற்கப் போனால் இன்ன விலைக்குக் குறையாமல் கேளுங்கள் என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுப்பேன். அதற்கு முன்னால் ஒரு பனியன் கம்பெனியில் ஆறு வருஷம் செக்கிங் செக்‌ஷனில் இருந்தேன். விளக்குப் போட்ட மேசையில் பீஸைப் பரப்பி, ஓட்டை, எண்ணெய்க் கறை, ஊசிக் கோடு எங்கே இருக்கிறதோ அங்கே ஸ்டிக்கர் ஒட்டுவது வேலை. என் கண்ணுக்குத் தப்பி ஒரு பீஸ் போகாது என்று சூப்பர்வைசர் பெருமையாகச் சொல்வார். அந்தக் கண்ணை நம்பித்தான் கோயம்புத்தூரில் கல் பார்க்கிற படிப்புப் படித்துவிட்டு இந்த மேசையைப் போட்டேன். ஒரு வித்தியாசம் இருப்பது அப்போது தெரியவில்லை. பனியனில் ஸ்டிக்கர் ஒட்டினால் பனியன் திரும்பிப் பார்க்காது.

பழைய மோதிரத்தைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கியவர் யாராவது இதைப் படித்தால், உங்களை எனக்குத் தெரியும். உங்களிடம் விலையைச் சரியாகத்தான் சொல்லியிருப்பேன். சொன்ன விதம் சரியா என்பதில்தான் எனக்கே சந்தேகம்.

லேமினேட் பண்ணின பில்

மூலனூரிலிருந்து ஒருவர் வந்தார். முருங்கைக்காய் வியாபாரம். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கூடவே மனைவி. எட்டு வருஷத்துக்கு முன்னால் பெரிய கடையில் வாங்கின வைர மோதிரம். நீல வெல்வெட் பெட்டி கொஞ்சமும் கசங்கவில்லை. பில்லை லேமினேட் பண்ணி வைத்திருந்தார். "தங்கம் இன்னைக்கு எங்கியோ போயிருச்சுங்க. வைரம் அதுக்கும் மேலதான போயிருக்கோணும்?" என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். பையனுக்குக் காலேஜ் சேர்க்கிற செலவு. மனைவி மோதிரம் கழற்றின விரலைத் தடவிக்கொண்டே இருந்தார்.

கல் நல்ல கல்தான். அதை முதலில் சொல்லியிருக்கலாம். எனக்கோ யாராவது காது கொடுத்துக் கேட்டால் வகுப்பு எடுக்கிற வியாதி உண்டு. பில்லில் இருப்பது கல்லின் விலை மட்டும் இல்லை, கூலி இருக்கிறது, கடைக்காரர் லாபம் இருக்கிறது, வரி இருக்கிறது, பழைய கல்லை வாங்குகிறவன் இது ஒன்றையும் கணக்கில் எடுக்க மாட்டான், அதே கடையில் கொடுத்தால் வேறு நகையாக மாற்றித் தருவார்களே தவிர ரொக்கமாக முழுசாகத் தர மாட்டார்கள் என்று ஒவ்வொன்றாகப் பேனாவால் தொட்டுத் தொட்டுக் காட்டினேன். கொடுத்ததில் பாதி வந்தால் அதிர்ஷ்டம் என்று முடித்தேன். அரை மணி நேரம் பேசியிருப்பேன். கடைசியில் அவர் பில்லை வாங்கி, மனைவி பக்கம் பார்க்காமலே பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டுச் சொன்னார்:

"நம்ம முருங்கக்காயாச்சும் மார்க்கெட்டுக்கு வந்து சாயங்காலம் வரைக்கும் தாங்குமுங்க. இது கடைப் படி எறங்கறதுக்குள்ளயே வாடிப் போச்சுங்களா?"

ஏழு கல் தோடு

இதை எழுத வேண்டுமா என்று நெடுநாள் யோசித்தேன். ஒரு இளம் ஜோடி, கூட அந்தப் பையனுடைய அம்மா. கல்யாணமாகி ஐந்தாறு வருஷம் இருக்கும். பெண் வீட்டில் போட்ட ஏழு கல் வைரத் தோட்டை விற்று, இரண்டு ஓவர்லாக் தையல் மெஷின் வாங்கி, வீட்டிலேயே சின்னதாக ஜாப் ஒர்க் ஆரம்பிக்கத் திட்டம். பெண் காதிலிருந்து அங்கேயே கழற்றிக் கொடுத்தாள். லென்ஸில் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. பழைய செக்கிங் கை சும்மா இருக்குமா? "வைரம் இல்லீங்க இது. அமெரிக்கன் டைமண்ட். தங்கத்துக்கு மட்டும்தான் காசு" என்று பட்டென்று சொல்லிவிட்டேன். மூன்று பேரும் உட்கார்ந்திருக்கும்போதே சொன்னேன். மாமியார் மருமகளைத் திரும்பிப் பார்த்தார். "ஓ" என்று மட்டும் சொன்னார். அந்தப் பையன் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தான். பெண் தோட்டை வாங்கி மறுபடியும் காதில் மாட்டிக்கொள்ளப் பார்த்தாள். திருகு ஏறவில்லை.

நாலு நாள் கழித்து அவள் மட்டும் வந்தாள். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை தொங்கியது. சாப்பாட்டு நேரத்தில் ஓடி வந்திருந்தாள். அவளுடைய அப்பா பத்து ஏக்கர்காரரிடம் தோட்ட வேலை பார்க்கிறவர். மாப்பிள்ளை வீட்டுக்கு முன்னால் தலை குனியக் கூடாது என்று, வளர்த்த இரண்டு எருமையையும் விற்று, தெரிந்தவர் மூலமாக பில் இல்லாமல் வாங்கின தோடு. அவருக்கு இன்றைக்கும் அது வைரம்தான். இப்போது மாமியார், உறவுக்காரர்களைக் கூட்டி வைத்துப் பேச என்னிடம் எழுத்தில் கேட்டு வாங்கி வரச் சொல்லியிருந்தார்.

நான் எழுதிக் கொடுத்தேன். "வாங்கியவருக்குத் தெரியாமல் ஏமாற்றி விற்கப்பட்டிருக்கலாம்" என்று அடியில் ஒரு வரியும் சேர்த்தேன். என் காகிதங்களிலேயே கண்ணால் பார்க்காத ஒன்றை எழுதினது அது ஒன்றுதான். அந்த வரியைப் பஞ்சாயத்தில் யாரும் படிக்கவில்லை என்றும், அவள் அப்பா அதற்குப் பிறகு மகள் வீட்டுப் பக்கம் வருவதில்லை என்றும் பின்னால் கேள்விப்பட்டேன். முதல் நாளே மற்ற இருவரையும் டீ குடித்துவிட்டு வரச் சொல்லி, அவளிடம் மட்டும் சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்? இப்போதெல்லாம் யார் வந்தாலும் நகைக்குச் சொந்தக்காரரைத் தவிர மற்றவர்களை வெளியே உட்காரச் சொல்லிவிடுகிறேன். அவளுக்கு அது உதவவில்லை. அன்றைக்குப் பேனாவை எடுத்தபோது அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு சொன்னது இது:

"கல்லு பொய்யின்னு எழுதுங்கக்கா. எங்கய்யன் பொய்யின்னு படிக்கற மாதிரி எழுதிராதீங்க."

கேன்சலான ஆர்டர்

இருபத்தெட்டு வயசுப் பையன், எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர். உட்காருவதற்குள் மூன்று போன் வந்துவிட்டது, மூன்றிலும் யாருக்கோ ஷிப்மென்ட் தேதி சொன்னான். நிச்சயதார்த்தத்துக்கு வாங்கின மோதிரத்தைப் பெண் வீட்டார் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். "சாம்பிள் அப்ரூவ் ஆச்சுங்க மேடம். புரொடக்‌ஷன் போறப்ப பையர் கேன்சல் பண்ணீட்டாங்க" என்றான். நான் சிரித்துவிட்டேன். அவனும் சிரித்தான். அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும்.

மோதிரத்தில் இருந்தது லேபில் செயற்கையாக வளர்த்த வைரம். சர்டிபிகேட்டிலேயே அது இருந்தது. வாங்கும்போது அவனுக்கும் தெரியும். விற்கப் போகும்போது என்ன ஆகும் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. வைரம்தான், பொய்யில்லை. ஆனால் புதுசே மாசா மாசம் விலை இறங்கும்போது பழசை யார் கேட்பார்கள்? சிரித்த வாயோடு அதையும் சொன்னேன். "தங்கத்தை உருக்கிக்கலாம் தம்பி, கல்லை ஞாபகத்துக்கு வெச்சுக்கோங்க" என்று ஒரு தமாஷ் வேறு. ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளக் கூடாது என்றுதானே விற்க வந்திருக்கிறான்! மோதிரத்தைப் பெட்டியில் வைத்து மூடினான். நாலாவது போன் வந்தது. எடுக்கவில்லை.

"கம்பெனியில நின்னு போன சரக்குன்னா காதர்பேட்டையில கிலோ கணக்குலயாச்சும் எடுத்துக்குவாங்க. இதுக்கு அந்த மாதிரி ஒரு காதர்பேட்டை இல்லீங்களா மேடம்?"

பத்துத் தேங்காய்

மேலே சொன்னதெல்லாம் என் வாயால் வந்தது. இது என் அறிவால் வந்தது. உடுமலைப்பேட்டைப் பக்கத்திலிருந்து தெய்வானை என்று ஒரு அம்மா வந்தார். ஐம்பது வயசிருக்கும், புருஷன் இல்லை, தனியாக நின்று தென்னந்தோப்பைப் பார்த்துக்கொள்கிறவர். அவர் கொண்டு வந்தது ஒரு ஜோடி ஒற்றைக்கல் கம்மல். கையில் எடுத்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. நல்ல வெள்ளை, உள்ளே ஒரு தூசு கிடையாது. இந்த மாதிரி கல் வருஷத்துக்கு ஒன்று வந்தால் பெரிது. உள்ளூர்க் கடையில் ஏற்கெனவே விலை கேட்டிருந்தார். அவர்கள் சொன்னது அநியாயத்துக்குக் குறைச்சல்.

"குடுத்துறாதீங்க" என்றேன். "கல்லைச் சென்னைக்கு அனுப்பி முறையா சர்டிபிகேட் வாங்கலாம். அதைக் காட்டி கோயமுத்தூர்ல மூணு பேர்கிட்ட விலை கேக்கலாம். ஒரு மாசம் பொறுங்க." அவர், "ஒரு மாசமுங்களா?" என்றார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் விடவில்லை. அவசரப்பட்டு விற்றவர்கள் எப்படியெல்லாம் ஏமாந்தார்கள் என்று கதை கதையாகச் சொன்னேன். படிச்சவங்க சொன்னால் சரியாக இருக்கும் என்று தலையாட்டிவிட்டுப் போனார். நான் சொன்னபடியே எல்லாம் நடந்தது. சர்டிபிகேட் வந்தது. கடைசியில் உள்ளூர் விலையைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகமாகவே கிடைத்தது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அவர் எதற்காக விற்கிறார் என்பதை மட்டும் நான் கேட்கவே இல்லை. தோப்பில் பாதி அவர் கொழுந்தனாருடையது. இரண்டு பேருக்கும் பொதுவாகத் தண்ணீர் எடுக்கிற கிணறு கொழுந்தனார் பாதியில் இருந்தது. கொழுந்தனார் தன் பங்கை விற்க முடிவு பண்ணி, அண்ணியிடம் முதலில் கேட்டு, அவர் பணம் புரட்டி வாங்கிக்கொள்ளப் பதினைந்து நாள் தவணை கொடுத்திருந்தார். நான் நல்ல விலைக்காகக் காத்திருந்த அந்த மாசத்தில் தவணை முடிந்து, வெளியூர்க்காரர் ஒருவர் கிணற்றோடு சேர்த்துக் கிரயம் பண்ணி, வேலியும் போட்டுவிட்டார். இதெல்லாம் எப்படித் தெரியும் என்றால், அந்த அம்மாவே வந்து சொன்னார். கோபமாக வரவில்லை. நல்ல விலை வாங்கித் தந்ததற்கு நன்றி சொல்லத்தான் வந்தார், பஸ்ஸில் ஒரு சாக்குப் பையில் பத்துத் தேங்காயோடு. இத்தனை எதற்கு என்றேன். பையைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு அவர் சொன்னார்:

"நல்ல காயிங்க அம்மிணி, ஒடச்சுப் பாருங்க. தண்ணி பாஞ்சப்பக் காச்சது."

முதல் கேள்வி

அதிலிருந்து யார் வந்தாலும் கல்லைத் தொடுவதற்கு முன்னால், "எதுக்குங்க விக்கிறீங்க? எத்தனை நாள்ல வேணும்?" என்று கேட்க ஆரம்பித்தேன். நல்ல பழக்கம்தான். ஆனால் நான் எதையும் அளவாகச் செய்து பழகாதவள். பட்டுப்புடவை கட்டிய ஒரு அம்மாவிடம், வேறு வழி இருக்கிறதா, வீட்டில் தெரியுமா, பிள்ளைகள் என்ன பண்ணுகிறார்கள் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே போய்விட்டேன். அவர் பொறுமையாக அத்தனைக்கும் பதில் சொன்னார். பிறகு கைப்பையை மூடி, செருப்பை மாட்டிக்கொண்டு, கல்லைக் காட்டாமலே கிளம்பினார்:

"கல்லைப் பாக்கச் சொல்லி வந்தனுங்க. நீங்க எங்க ஊட்டைப் பாத்து முடிச்சுட்டீங்க."

ஆசாரி

கீழ்த் தளத்தில் கல் பதிக்கிற ஆசாரி ஒருவர் இருக்கிறார். ராமசாமி அண்ணன். பின்பக்கம் மூடின பழைய நகை வந்தால், கல்லை வெளியே எடுக்காமல் எடையும் தரமும் சொல்ல முடியாது. அவரைத்தான் மேலே கூப்பிடுவேன். சொந்தக்காரர் கண் முன்னாலேயே, ஒரு வெள்ளைத் துணியை விரித்து, பல்லுக் குச்சி அளவு உளியால் தங்கத்தை ஒதுக்கி எடுப்பார். எட்டு வருஷத்தில் ஒரு கல்லுக்கு ஒரு கீறல் விழுந்ததில்லை. பிரிப்பதற்கு முன்னால் போட்டோ எடுக்க வேண்டும் என்பது விதி. அது என் வேலை.

ஒரு நாள் நூல் வியாபாரி ஒருவர், தன் அம்மாவின் ஒற்றைக்கல் மோதிரத்தோடு வந்தார். அவசரத்தில் இருந்தார். என் போன் சார்ஜில் கிடந்தது. இவ்வளவுதானே, பிரித்த பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அண்ணன் கல்லைப் பிரித்துத் துணியில் வைத்தார். தங்கம் மூடியிருந்த ஓரத்தில் ரவை அளவுக்குச் சில்லுப் பெயர்ந்திருந்தது. "வாரப்ப நல்லாத்தான இருந்துச்சு?" என்றார் வியாபாரி. அண்ணன் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்: "முன்னாடி நான் கவனிக்கலீங்க." அது உண்மைதான். வியாபாரி அண்ணனைப் பார்த்துச் சத்தம் போட்டார். அண்ணன் உளியைத் துடைத்து டப்பாவில் போட்டு, துணியை மடித்து, படியிறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் காலை, பிரித்த பிறகு எடுத்த போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெயர்ந்த இடம் முழுக்கக் கருப்பாக அழுக்கு அப்பியிருந்தது. நேற்று உடைந்திருந்தால் அந்த இடம் கண்ணாடி மாதிரி பளிச்சென்று இருக்கும். இது பல வருஷத்து உடைவு. தெரிந்தேதான் யாரோ தங்கத்தை மேலே ஏற்றி மூடியிருக்கிறார்கள். வியாபாரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். பார்த்துவிட்டு, "சரி உடுங்க, அம்மா காலத்துலயே அப்படி இருந்திருக்கு" என்றார். அந்தக் குறைக்கு உண்டான விலைக்கு விற்றும் விட்டார். நான் போனை எடுத்துக்கொண்டு கீழே ஓடினேன். அண்ணன் ஒரு மூக்குத்தித் திருகை அரம் போட்டுக்கொண்டிருந்தார். உங்கள் மேல் தப்பில்லை, இதோ பாருங்கள், நிரூபணம் ஆகிவிட்டது என்று மூச்சு வாங்கச் சொன்னேன். அவர் போட்டோவைப் பார்க்கவில்லை. அரத்தையும் நிறுத்தவில்லை. இப்போதும் கூப்பிட்டால் மேலே வருகிறார், கல் பிரித்துக் கொடுக்கிறார், கூலி வாங்கிக்கொள்கிறார், அதற்கு மேல் பேச்சில்லை. அன்றைக்குப் பேசினதுதான் கடைசி:

"கல்லுன்னா பத்து மடங்கு பெருசு பண்ணிப் பாப்பே. என்னைச் சும்மா வெறுங்கண்ணுல பாத்திருந்தாப் போதுமே கண்ணு."

கல்லைப் பற்றி நான் எழுதிக் கொடுத்தது இதுவரைக்கும் ஒன்றுகூடத் தப்பாகப் போனதில்லை. நான் வருத்தப்படுவதெல்லாம், எதிரில் உட்கார்ந்திருந்தவர்களிடம் கல்லோடு சேர்த்துக் கட்டணமில்லாமல் சொன்ன வார்த்தைகளுக்கும், சொல்லாமல் விட்ட வார்த்தைகளுக்கும்தான்.